கோலோடு போய்ச் சேவித்த வதரி

முதலில் போட்ட திட்டத்தில் பெருமாளே இல்லை. முசோரியில் இரண்டு நாள், பிறகு ஔலி, முடிந்தால் பூப்பள்ளத்தாக்கு என்று நானும் மனைவியும் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "ஜோஷிமட் வரைக்கும் போறேளே, அங்கேருந்து பத்ரி எவ்வளவு தூரம்?" என்றாள்.

சுமார் 45 கி.மீ. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது அப்பா வேண்டிக்கொண்டது அந்த பத்ரிநாத் யாத்திரை, ஆழ்வார்கள் வாக்கில் வதரி. லீவு கிடைக்கவில்லை, பணம் சேரவில்லை, அப்புறம் அப்பாவே இல்லை. முசோரியைத் திட்டத்திலிருந்து அன்றே அடித்துவிட்டு, மாளய பட்சத்துக்குத் தேதி பார்த்தோம்.

ரிஷிகேஷிலிருந்து மலைப்பாதை. தேவப்பிரயாகையில் பச்சையாக பாகீரதியும் சேறாக அலகநந்தாவும் சேர்வதைப் பார்த்தபடியே சங்கிலியைப் பிடித்து முழுக்குப் போட்டேன். கண்டமென்னும் கடிநகர் என்று பெரியாழ்வார் பாடிய இடம். ரகுநாதர் கோயில் படிகளை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

பீபல்கோட்டி தாண்டி மலை சரிந்து நான்கு மணி நேரம் வண்டியிலேயே கிடந்தோம். ரிஷிகேஷில் 'எல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்ற ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. கையிலிருந்த புளியோதரைதான் காப்பாற்றியது.

ஜோஷிமட்டில் நரசிம்மர். அவருடைய மணிக்கட்டு மெலிந்துகொண்டே வருகிறது, அது ஒடியும் நாளில் மலைகள் மூடி பத்ரிக்கு வழியே இருக்காது என்பார்கள். 2023-ல் வீடுவீடாக விரிசல் விட்ட ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குடா, கிளம்பு" என்றாள்.

பத்ரியில் மூச்சு வாங்கியது. 3,100 மீட்டர் உயரம், கேட்க வேண்டுமா! தப்த குண்டத்தில் அந்த வெந்நீர் மேலே பட்டதும் வழி அலுப்பு போன இடம் தெரியவில்லை. கரையேறுவதற்குள் ஒருவர் சங்கல்பம் என்று கையைப் பிடித்தார், இன்னொருவர் க்யூ இல்லாமல் உள்ளே விடுகிறேன் என்று இரண்டாயிரம் கேட்டார். பெருமாளுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை தரகர்கள்!

வரிசையில் மூன்று மணி நேரம். கோயிலின் முன்வாசலான சிங்கதுவாரம் நெருங்கியதும் அம்மா கைத்தடியை என்னிடம் நீட்டினாள். "ஏம்மா?" என்றேன். "கோலூன்றித் தள்ளாடறதுக்கு முன்னாடியே வந்து வணங்கணும்னு திருமங்கையாழ்வார் சொல்லியிருக்கார். இதோட போய் நிக்க வெக்கமா இருக்கு." தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உள்ளே 'சலோ, சலோ' என்று தள்ளினார்கள். என்னையும் தள்ளிவிட்டார்கள். தள்ளிய அதே போலீஸ்காரர், அம்மாவின் கால் நடுங்குவதைப் பார்த்துத் தோளைப் பிடித்துக் கம்பியோரம் நிறுத்தினார். சந்தனமும் துளசியுமாகப் பத்மாசனத்தில் பத்ரி நாராயணன். அம்மா பாசுரம் ஆரம்பித்தாள், இரண்டாவது அடியில் குரல் போய்விட்டது. பிறகு யாரிடமோ வீட்டுச் சமாசாரம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அவரால வர முடியலை. நான் வந்துட்டேன். புள்ளையையும் கூட்டிண்டு வந்திருக்கேன்."

நான் பெருமாளைச் சரியாகச் சேவித்தேனா என்று இப்போதும் தெரியாது. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதேதோ கேட்கவேண்டும் என்று மனசுக்குள் பட்டியலே வைத்திருந்தேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நாராயணா, அந்தப் போலீஸ்காரர் எந்த ஊரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். சரிவில் வழிவிடக் காத்திருந்த ராத்திரி அம்மாவுக்குக் கம்பளி கொடுத்த மராட்டிக்காரர்களும்.

மறுநாள், பித்ருக்களுக்குக் காரியம் செய்யும் ஆற்றங்கரையான பிரம்மகபாலத்தில் பிண்டம் வைத்தேன். அப்பாவின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லும்போது எதிரே அலகநந்தா போட்ட இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஔலிக்குப் போகவில்லை. கிடைத்த பத்ரி துளசி மாலையை அம்மா என் மடியில் வைத்து, "அப்பா படத்துக்கு. வாடாமப் பாத்துக்கோ" என்றாள். சென்னை வரும்வரை ஈரக் கைக்குட்டையை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டு வந்தேன்.