7ஜே நினைத்து 6.5ஜேயில் முடிந்த ரிம் கணக்கு

பழைய ரிம் ஈடி45, புது ரிம்மும் ஈடி45 (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்பதைச் சொல்லும் எண்), அப்படியானால் பொருந்திவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் மாறாதவரை அது சரி. அரை அங்குலம் கூடினாலும் அதே ஈடி எண் வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு சிறிய கார். 6ஜே × 15 (அகலம் 6 அங்குலம், விட்டம் 15 அங்குலம்) ஈடி45 ரிம்மில் 185/65 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்) ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 16 அங்குல ரிம் தேர்ந்தெடுத்த வேலையின் அளவுகள் இவை. தொடக்கத்தில் மனதில் இருந்தது 7ஜே. கடைசியில் மாட்டியது 6.5ஜே ஈடி43.

ரிம்மின் அகலத்தை இரண்டு பாதியாகப் பிரித்தால் வரும் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் சுழலும் பாகம்) ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ஈடி என்பது அதற்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அந்த முகம் தெருப் பக்கம் தள்ளி இருந்தால் எண் பிளஸ். எண் கூடக் கூடச் சக்கரம் உள்ளே போகும், குறையக் குறைய வெளியே வரும். அகலம் 1 அங்குலம் கூடி ஈடி மாறாமல் இருந்தால், ரிம் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. உள்பக்கம் பழையபடியே நிற்க வேண்டுமானால் ஈடியை 12.7 குறைக்க வேண்டும். அப்போது வெளிப்பக்கம் 25.4 மி.மீ. நீட்டிக்கொண்டு வரும். இந்த இழுபறிதான் முழு வேலையும்.

பழைய ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் அகலமும் ஈடியும் பொறித்திருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் ரிம்மைக் கவிழ்த்து, பின்விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப் முகம் வரை ஆழம் அளக்கலாம். இந்த ரிம்மில் அது 133.5 மி.மீ. விளிம்போடு சேர்த்த மொத்த அகலம் 177. அதில் பாதியான 88.5-ஐக் கழித்தால் 45. ஜே கணக்கு டயர் உட்காரும் இடங்களுக்கு இடையில் எடுப்பது, அதனால் விளிம்பையும் சேர்த்தால் சுமார் 25 மி.மீ. கூடும். இதை மறந்து மொத்த அகலத்தையே ஜே என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஒரு அங்குலம் பிசகும்.

அடுத்து, காரில் மிச்சமிருக்கும் இடம். வெளிப்பக்கம் சுலபம்: சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் மேல்பகுதிப் புடைப்புக்கும் நடுவே அளக்க வேண்டும். முன்னால் 24 மி.மீ., பின்னால் 17. உள்பக்கம் அளவுகோல் நுழையாது. சக்கரத்தைக் கழற்றி ஸ்ட்ரட் குழாயில் (சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) மாடலிங் களிமண்ணை ஒட்டி, மறுபடி மாட்டி நட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால் நசுங்கிய களிமண்ணின் தடிமனே இடைவெளி. 12 மி.மீ. வந்தது. பின்பக்கம் ஷாக் அப்சார்பரிலும் இதே சோதனை. அங்கே தாராளமாக இடம் இருந்தது.

கணக்கை ரிம் விளிம்பை வைத்துப் போடுவதைவிட டயர் புடைப்பை வைத்துப் போடுவது நல்லது, முதலில் உரசுவது அதுதான். டயரில் எழுதிய 185 என்பது பெயரளவு. 185/65 ஆர்15 டயர் 5.5 அங்குல ரிம்மில் 189 மி.மீ. அகலம். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும் என்பதால் 6ஜேயில் 194. புது டயருக்கு 195/55 ஆர்16 எடுத்ததற்குக் காரணம் விட்டம்: பழையது 621.5, இது 620.9 மி.மீ. ஸ்பீடாமீட்டர் மாறாது. இந்த டயருக்கு அனுமதித்த ரிம் 5.5 முதல் 7 வரை. 6 அங்குலத்தில் 201, 6.5-இல் 206, 7-இல் 211.

டயர் அகலத்தில் பாதியோடு ஈடியைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்புடைப்பு வரை தூரம். கழித்தால் வெளிப்புடைப்பு வரை. பழையது உள்ளே 142, வெளியே 52. ஸ்ட்ரட் பக்கம் 5 மி.மீ., பின் மட்கார்டு பக்கம் 7 மி.மீ. குறைந்தது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். உள்பக்கம் குறைவாகப் போதும். ஸ்ட்ரட்டும் ஹப்பும் ஒரே நக்கிள் என்ற இரும்புத் துண்டில் பூட்டியவை, சஸ்பென்ஷன் ஏறி இறங்கினாலும் அந்த இடைவெளி அநேகமாக மாறாது. மட்கார்டு அப்படி இல்லை: ஆள் ஏறினால், வளைவில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் நெளிந்தால் டயர் அதை நெருங்கும்.

7ஜே ஈடி45: உள்ளே 150.5, பழையதைவிட 8.5 கூடுதல், 12-இல் மிஞ்சும் ஸ்ட்ரட் இடைவெளி 3.5 மட்டுமே. தள்ளுபடி.
7ஜே ஈடி40: உள்ளே 8.5 மிச்சம், பின் மட்கார்டில் 3.5. தள்ளுபடி.
7ஜே ஈடி42: 6.5-உம் 5.5-உம். ஆசை காட்டும் எண். ஆனால் ஒரே அளவு டயர் பிராண்டுக்கு பிராண்டு சில மி.மீ. வித்தியாசப்படும், அடுத்த முறை டயர் மாற்றும்போது உரசும்.
6.5ஜே ஈடி43: உள்ளே 8, பின்னால் 9, முன்னால் வெளியே 16.

7ஜேயை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரிம்மில் டயர் விளிம்பைத் தாண்டி இரு பக்கமும் சுமார் 8 மி.மீ. புடைத்து நின்றது. 7ஜேயில் அது 4-ஆகக் குறையும். நடைபாதை ஓரக்கல்லில் முதல் அடி ரிம்முக்கே விழும்.

வெளியே நீட்டினால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஈடி25, 30 என்று இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளி, ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே நகர்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையில் உதறும்; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஈரத்தில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும்; ஹப் பேரிங்கில் நெம்புகோல் சுமை கூடும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு போடுவதும் ஈடியை 5 குறைப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். கூடுதலாக, ஸ்பேசரால் நட் பிடிக்கும் மரை குறையும். எம்12 × 1.5 போல்ட்டில் (தடிமன் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ.) குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும், அதாவது 8 முழுச் சுற்று. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. போல்ட் வட்டம் 4 × 100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் 4 போல்ட்) என்றால் 4 × 98 ரிம்மை அழுத்தி மாட்டாதீர்கள். நட் கோணலாக உட்கார்ந்து பிறகு தளரும். ரிம்மின் நடுத்துளை 67.1, ஹப் 54.1 என்பதால் அந்த இரண்டு அளவுக்கும் சரியான ஹப் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வேண்டும். அது இல்லாமல் ரிம் மையம் விலகி உட்கார்ந்தால் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. நட்டின் அடி கூம்பா உருண்டையா என்று பார்த்து ரிம்முக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். ரிம்மில் பொறித்த சுமை எண், அதிகச் சுமை தாங்கும் அச்சின் அளவில் பாதிக்குக் குறையக் கூடாது. டயரிலும் ஏமாற ஒரு இடம் இருக்கிறது: பழையதின் சுமை எண் 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. 195/55 ஆர்16-இன் சாதாரண வகை 87, 545 கிலோ. அதனால் கூடுதல் சுமை தாங்கும் 91 எக்ஸ்எல் வகை எடுத்தோம், 615 கிலோ.

டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிப் பாருங்கள். ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் (டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் பாகம்) உள்ள இடைவெளியை ஈடி எண் சொல்லாது, அது ஸ்போக்கின் வளைவைப் பொறுத்தது. 3 மி.மீ.யாவது வேண்டும். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைக்கட்டிகளின் தடிமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் காலிப்பர் அவற்றைச் சீவி எறிந்துவிடும்.

டயரோடு மாட்டிய பிறகு மட்கார்டு விளிம்பின் உள்பக்கம் சாக்பீஸ் தடவி, எதிரெதிர் மூலைச் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தோம். பிறகு ஐந்து பேர் ஏறி மேடுபள்ளத்தில் ஓட்டம். பின் விளிம்பில் சாக்பீஸ் கலையவில்லை. முன் இடது லைனரில் (மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் உறை) மட்டும் ஒரு தேய்ப்புத் தடம். பார்த்தால் லைனரின் கிளிப் கழன்று பிளாஸ்டிக் உள்ளே தள்ளியிருந்தது. கிளிப்பை மாற்றியதும் நின்றது. 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினோம். இரண்டு நட் கால் சுற்று வாங்கின.