ஓரத்தில் எழுதியதற்கு இடம் எங்கே?

தண்ணீர் பம்ப், வால்வு, மேல்நிலைத் தொட்டி என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, அதன் நிலையை எழுதிக்கொண்டு வருவதுதான் எங்கள் கள ஊழியர்களின் வேலை. முன்பக்கமும் பின்பக்கமும் கட்டம் போட்ட ஒரு பேப்பர் படிவம். நிரப்பியதைக் கட்டாகக் கட்டி அலுவலகத்தில் கொடுப்பார்கள், இங்கே ஒருவர் உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றுவார். இதை மொபைலுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஓடிகே கலெக்ட் என்ற செயலியைத் தேர்ந்தெடுத்தோம். ஓடிகே (ஓபன் டேட்டா கிட்), களத்தில் தகவல் சேகரிப்பதற்காக 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். சிக்னலே இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிப் போனிலேயே வைத்துக்கொள்ளலாம், சிக்னல் வந்ததும் அனுப்பலாம். எங்களுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது அதுதான். படிவத்தை எக்ஸெல்லிலேயே எழுதிவிடலாம். ஒரு வரிக்கு ஒரு கேள்வி. அது என்ன வகை, அதன் பெயர் என்ன, திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று தனித்தனிப் பத்திகள். இந்த முறைக்கு எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்று பெயர். நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூட இரண்டு நாளில் பழகிக்கொள்ளலாம்.

நான் பேப்பர் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் எல்லாக் கேள்விகளையும் எக்ஸெல்லில் அடித்தேன். பேப்பரில் எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி, காலியாக விட்ட கட்டங்கள். அதனால் எல்லாக் கேள்வியையும் கட்டாயம் ஆக்கினேன். பதில் போடாமல் அடுத்த திரைக்கு நகர முடியாது. முதல் வாரம் வந்த டேட்டாவில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி.

இரண்டாவது வாரம் அழுத்த அளவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் உறுத்தியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பம்புகளில் அழுத்தம் சரியாக 1, 1, 1 என்று இருந்தது. ஒரு நாள் மூத்த ஊழியர் ஒருவருடன் கூடவே போனேன். பம்ப் அறைக்குள் குனிந்து பார்த்தால் அழுத்தமானியின் கண்ணாடி உடைந்து, ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்து 1 என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

“என்னண்ணே, இதுல எங்க ரீடிங் இருக்கு?” என்றேன்.

“எதையாவது போட்டாத்தானே தம்பி நகருது. பேப்பர்னா பக்கத்துலயே ‘கேஜ் உடைஞ்சிருக்கு’ன்னு எழுதிடுவேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல நான் இடம் வைக்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பியதும் பழைய பேப்பர் கட்டுகளை எடுத்து, கட்டங்களை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆனது. ‘சாவி இல்லை’, ‘கேஜ் இல்லை’, ‘தண்ணி தேங்கி உள்ளே போக முடியல’, ‘போன தடவை எழுதினது தப்பு’, ‘மோட்டார் சத்தம் வேற மாதிரி’. கணினியில் ஏற்றும்போது இதையெல்லாம் நாங்கள் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம், ஏற்றுவதற்கு அதற்கென்று பத்தி கிடையாது. படிவத்திலேயே மதிப்புள்ள பகுதி அந்த ஓரம்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

சரி, முதலில் இருந்து மறுபடியும் தொடங்கினேன். ‘அழுத்தம் எவ்வளவு?’ என்று எடுத்த எடுப்பில் கேட்பதை நிறுத்தினேன். ‘ரீடிங் எடுக்க முடிந்ததா?’ என்பது முதல் கேள்வி. முடிந்தது என்றால் எண்ணைக் கேட்கும். முடியவில்லை என்றால் காரணங்களின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலை ஓரக் குறிப்புகளில் இருந்து அவர்கள் எழுதிய சொற்களிலேயே எடுத்தேன். அழுத்தம் பூஜ்யம் என்பது வேறு, அளக்க முடியவில்லை என்பது வேறு, அளக்க மறந்தது வேறு. மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு கேள்வி, கட்டாயம் இல்லை. தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர்கள் குரலில் பதிவு செய்யலாம்.

எண்களுக்கு எல்லை வைப்பதிலும் இதே தவறைச் செய்திருந்தேன். வழக்கமாக வரும் அளவைத் தாண்டினால் படிவம் ஏற்றுக்கொள்ளாது என்று வைத்திருந்தேன். ஆனால் கோளாறான பம்பில்தான் வழக்கமில்லாத எண் வரும், அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆளை அனுப்புகிறோம்! இப்போது நடக்கவே முடியாத எண்ணை மட்டும் தடுக்கிறோம். சந்தேகமான எண் என்றால், ‘இது வழக்கத்தைவிட அதிகம், இன்னொரு முறை பார்த்தீர்களா?’ என்று தனியாக ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் மேலே போகலாம்.

ஒரு இடத்தில் பலமாக அடி வாங்கினோம். ‘பம்ப் ஓடுகிறதா?’ என்பதற்கு இல்லை என்றால் மட்டும் பழுது விவரங்கள் திறக்கும்படி வைத்திருந்தேன். ஒருவர் பழுதை விவரமாக எழுதி, போட்டோ எடுத்து, அங்கேயே சரிசெய்தும் விட்டார். பம்ப் ஓடத் தொடங்கியதும் மேலே போய்ப் பதிலை ‘ஆம்’ என்று மாற்றினார். நிபந்தனை பொருந்தாமல் போனால் அதற்குக் கீழே இருக்கும் பதில்களைச் செயலி அனுப்பாது, அழித்துவிடும். ஒரு மணி நேர உழைப்பு எங்களிடம் வந்து சேரவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ‘வந்தபோது ஓடியதா?’, ‘கிளம்பும்போது ஓடுகிறதா?’ என்று கேள்வியை இரண்டாகப் பிரித்ததில் அது தீர்ந்தது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ஜிபிஎஸ் கேள்வியைக் கடைசியில் இருந்து முதலுக்குக் கொண்டுவந்தோம். துல்லியம் 5 மீட்டருக்குள் வந்தால்தான் செயலி தானாகப் பதிவு செய்யும். கான்கிரீட் கூரைக்கு அடியில் நின்றால் அது எளிதில் வராது, வெளியே நிற்கும்போதே எடுத்துவிட வேண்டும். போட்டோவை 1024 பிக்சலுக்குக் குறைத்த பிறகு, அனுப்பும்போது பாதியில் நின்றுபோவது குறைந்தது. ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் ஈரம் என்று இருப்பவரிடம் தட்டச்சு கேட்கக் கூடாது என்பதால் முடிந்தவரை தொட்டுத் தேர்வு செய்யும்படி மாற்றினோம். பையில் நாலு பேப்பர் படிவம் எப்போதும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம், சார்ஜ் தீராத போன் கிடையாது.

பழகும் வரை பேப்பரிலும் போனிலும் சேர்த்து நிரப்பச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேல் அதை இழுத்திருக்கக் கூடாது, நான் ஒரு மாதம் இழுத்தேன். இரட்டை வேலை கொடுத்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த மூத்த ஊழியருடன் உட்கார்ந்து, ‘வேறு’ என்பதற்குக் கீழே வந்த பதில்களைப் படிக்கிறோம். போன மாதம் ‘குளவிக் கூடு’ என்று ஏழு இடத்தில் வந்திருந்தது. பம்ப் அறைக் கதவைத் திறந்ததும் குளவிகள் கிளம்பிவிடுவதால் ரீடிங் எடுக்காமலே திரும்பியிருக்கிறார்கள். “இதை லிஸ்ட்லயே போட்டுடுங்க தம்பி” என்றார். போட்டாயிற்று. அதை யாராவது தேர்வு செய்தால், அடுத்த தடவை அங்கே போகிறவருக்குக் கதவைத் திறக்கும் முன்பே திரையில் எச்சரிக்கை வர வேண்டும். அதற்கான வரிகளைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.