பாலாற்றுத் தண்ணீரும் ரயில் பாயிலரும்

நீராவி இன்ஜின் என்றதும் கரியும் புகையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வட ஆற்காட்டுப் பக்கம் அந்த இன்ஜின்களோடு மல்லுக்கட்டிய வேலையில் கரியைவிடப் பெரிய கவலை தண்ணீர். கணக்குப் போட்டாலே விளங்கும். மீட்டர்கேஜில் பாசஞ்சர் வண்டி இழுத்த ஒய்.பி. ரக இன்ஜினின் பின்னால், டெண்டர் என்ற கரி, தண்ணீர் வண்டி இருக்கும். அதில் சுமார் 3,000 கேலன் தண்ணீர் பிடிக்கும். அதாவது பதின்மூன்றரை டன். கரி ஒன்பது டன்னுக்கு மேல் கொள்ளும். ஒரு கிலோ கரி எரிந்தால் ஆறேழு கிலோ தண்ணீர் ஆவியாகிவிடும். அப்படியானால் தண்ணீர் முழுவதும் தீர இரண்டு டன் கரியே போதும். மீதிக் கரி மலைபோல் கிடக்கும், தொட்டி காய்ந்துவிடும். காட்பாடியிலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வழியில் தண்ணீர் பிடிக்காமல் அந்தத் தூரத்தை ஓட்டிவிட முடியாது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பிறகு அது பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஜோலார்பேட்டைக்கு ஏறிப் போனது. ஆரம்பத்தில் பாயிலருக்குப் பெரும்பாலும் விறகுதான். ரயிலுக்கு விறகு வேண்டும் என்பதற்காகவே கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். பின்னர் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாக மீட்டர்கேஜ் பாதை வந்து காட்பாடியில் அகலப்பாதையைச் சந்தித்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டிப் பாதையும் போடப்பட்டது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குள் மறைந்துவிட்டது. இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் மூன்று அகலத்தில் தண்டவாளம் இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது.

அகலம் எதுவானாலும் பாயிலருக்குள் போனது இந்த மண்ணின் தண்ணீர். பாறை இடுக்குகளில் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் பாயிலர் குழாய்களின் மேலும் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டின் மேலும் ஓடு கட்டும். ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குள் இறங்காது. கரி கூடுதலாகச் செலவாகும். தகடு அளவுக்கு மீறிக் காய்ந்து உப்பும், குழாய் முனைகள் கசியும்.

இதற்குத் தண்ணீரிலேயே சலவைச் சோடா உப்பும் டானினும் சேர்ப்பார்கள். சோடா உப்பு சுண்ணாம்பைச் சேறாகப் பிரிக்கும். டானின் அந்தச் சேறு தகட்டில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. பட்டையில் இருக்கும் அந்தத் துவர்ப்புச் சரக்குதான் டானின். மருந்தைக் கூட்டிப் போட்டாலும் வம்பு. உப்பு ஏறிய தண்ணீர் நுரைத்து, ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் பாயும். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடி உடையும், ராடு வளையும். புகைபோக்கியில் தண்ணீர் தெறிக்கிறது என்று கண்டால் சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டரைக் குறைத்து, சிலிண்டரின் வடிகால் திருகைத் திறக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

நாள்தோறும் கண் வைக்க வேண்டியது கேஜ் கிளாஸ், அதாவது பாயிலரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய். கண்ணாடியில் தண்ணீர் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது. கீழ்த் துவாரம் சுண்ணாம்பால் அடைத்திருந்தால் பழைய தண்ணீர் அப்படியே நின்று ஏமாற்றும். அதனால் கண்ணாடிக்கு ஆவி வரும் திருகை மூடி, அடியில் உள்ள டிரெயினைத் திறந்து, தண்ணீர் பீறிட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர் வரும் திருகை மூடி, ஆவியைத் திறந்து ஊதிப் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்து டிரெயினை மூடியதும் மட்டம் துள்ளி ஏற வேண்டும். சோம்பி மெதுவாக ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் பக்கம் ஏறும்போது இது உயிர்ப் பிரச்சினை. இன்ஜின் முகம் மேலே பார்த்து ஏறுகையில் பாயிலர் தண்ணீர் பின்னால் சாய்ந்து, கண்ணாடியில் நிறைய இருப்பதுபோல் காட்டும். மேடு முடிந்து இறக்கம் தொடங்கியதும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கூரைத் தகடு வெறுமையாகும். முக்கால் கண்ணாடி இருந்ததே என்று நிம்மதியாக இருந்தவருக்கு அடுத்த நிமிடம் கால் கண்ணாடி கூட இருக்காது. மேட்டின் உச்சி வருவதற்கு முன்பே, டெண்டர் தண்ணீரை ஆவியின் வேகத்தால் பாயிலருக்குள் தள்ளும் இன்ஜெக்டரைப் போட்டு மட்டத்தை உயர்த்தி வைப்பவரே நல்ல பயர்மேன். தவறினால் தகட்டில் பதித்த ஈய பிளக் உருகி, ஆவி நெருப்புக்குள் சீறி எச்சரிக்கும். அந்த பிளக்கின் மேலேயே சுண்ணாம்பு மூடிக்கொண்டால் அந்தக் கடைசிக் காவலும் உரிய நேரத்தில் எழுப்பாது.

இன்ஜெக்டருக்கு வேலூர் வெயில் ஒரு எதிரி. குளிர்ந்த தண்ணீரில் ஆவி சுருங்கும் வேகத்தில்தான் அது வேலை செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் டெண்டர் தண்ணீர் கொதிப்புத் தட்டினால் இன்ஜெக்டர் பிடிக்காமல் வெளியே கக்கும். அதன் உடம்பில் ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தண்ணீர் மோசமான இடமென்றால் அதற்கும் முன்பே, ஷெட்டில் வாஷ் அவுட், அதாவது பாயிலரின் உள்பக்கத்தைக் கழுவுதல். நெருப்பை இறக்கி, அழுத்தம் தானாக வடிந்து, இரும்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடான பாயிலரில் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் குழாய் முனைகள் அத்தனையும் ஒரே நாளில் கசிய ஆரம்பிக்கும். ஆறியபின் கழுவும் துவாரங்களை மூடிய பிளக்குகளைக் கழற்றி, முதலில் கூரைத் தகட்டின் மேல் பக்கம், பிறகு பக்கவாட்டு இடுக்குகள், கடைசியில் நெருப்புப் பெட்டியின் அடியைச் சுற்றிய அடிவளையம் என்று மேலிருந்து கீழே ஹோஸ் அடித்து, கம்பியால் கிளறி, சேறும் செதிலுமாகக் கொட்டுவதை வெளியே தள்ள வேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேலே இருப்பது மறுபடி அடியில் போய் உட்காரும். வெளியே ஓடும் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு துவாரத்திலும் விளக்கை நீட்டி, தகட்டின் இரும்பு நிறம் கண்ணில் படுகிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைத் திரும்பப் போட வேண்டும்.