தண்ணீருக்கு பாசிட்டிவ் வந்த வாரம்

எங்கள் லேப்பில் முதல் கோவிட் பாசிட்டிவ் வந்தது நோயாளி யாருக்கும் இல்லை, தண்ணீருக்கு. 2020 மார்ச் முதல் வாரம்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் பிரிவு, அதாவது கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிரிவு, என் பொறுப்பில் இருந்தது. அன்றாடம் பார்ப்பது டிங்கியும் ஹெபடைடிஸ் பி-யும்தான். இயந்திரம் இருக்கிறது, கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், கோவிட் பரிசோதனையை இரண்டு வாரத்தில் தொடங்கிவிடலாம் என்று எங்கள் டாக்டர் மேலிடத்தில் சொல்லிவிட்டு வந்தார். ஆறு வாரம் ஆனது.

நாட்டின் முதல் மூன்று நோயாளிகளைப் பற்றிய அறிவிப்பு ஜனவரி 25 அன்று வந்தது. அன்று சீனப் புத்தாண்டு. சிங்கப்பூர் வழியாக ஜோகூருக்கு வந்த சீன நாட்டவர்கள் அவர்கள். இரண்டு வாரம் கழித்துத் தைப்பூசம். அம்மாவைப் பத்துமலைக்குக் கூட்டிப் போய், படிக்கட்டுக் கூட்டத்தில் யார் இருமினாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாமியப் பாருடி" என்று அம்மா இரண்டு தடவை அதட்டினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் நிப்பா வந்தது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்களிடம் தொடங்கியதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அது வேறு வைரஸ் என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும்போது 1999 மார்ச். முடிவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். இந்தத் தடவை வைரஸின் மரபணு வரிசை ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே இணையத்துக்கு வந்துவிட்டது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் கிறிஸ்டியன் டிரோஸ்டன் குழு செய்த பரிசோதனை முறையை ஜனவரி 13 அன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அவர்கள் கையில் அப்போது புது வைரஸே கிடையாது, 2003-இன் பழைய சார்ஸ் வைரஸை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தார்கள். சமையல் குறிப்பு ஊருக்கெல்லாம் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன, சமைக்க வேண்டியதுதானே என்று நானும்தான் நினைத்தேன்.

முதல் சிக்கல் இடம். பிசிஆர் செய்ய மூன்று அறை வேண்டும். வைரஸின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பிரைமரையும், பெருக்க உதவும் மாஸ்டர் மிக்ஸையும் கலக்கும் சுத்தமான அறை ஒன்று, மாதிரியிலிருந்து வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் அறை ஒன்று, இயந்திரம் ஓடும் அறை ஒன்று. ஆள் நடமாட்டம் ஒரே திசையில். கடைசி அறைக்குப் போனவர் அன்றைக்கு முதல் அறைக்குத் திரும்பக்கூடாது. எங்களிடம் இருந்தது இரண்டு. பழைய ரிப்போர்ட் கோப்புகள் அடைத்து வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். பெட்டிக்கு அடியில் கரப்பான், அதற்கும் அடியில் யாரோ எப்போதோ தொலைத்த கால்குலேட்டர். கழுவி, பெயின்ட் அடித்து, ஏர்கானை அடைத்து, யூவி விளக்கு மாட்டி அதை முதல் அறை ஆக்கினோம். கழிவறை மட்டும் கடைசி அறைக்கு அந்தப் பக்கம். ஆக, சுத்த அறையில் வேலை முடிகிற வரை தே தாரிக், அதாவது டீ, கிடையாது.

பரிசோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பாசிட்டிவ் கண்ட்ரோலாக வைரஸின் செயற்கை ஆர்என்ஏ வாங்கியிருந்தோம். காய்ந்த பொடியாக ஒரு குட்டிக் குழாயில் வரும், கண்ணுக்கே தெரியாது. அதைக் கரைத்தால் ஒரு துளியில் கோடிக்கணக்கில் பிரதிகள். கரைக்க வேண்டியது இரண்டாம் அறையின் பாதுகாப்புப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியைச் சோதித்துச் சான்று கொடுக்க வர வேண்டியவர் வரவில்லை. சரி, சுத்த அறையில்தான் பெட்டி ஒன்று இருக்கிறதே, ஒரே ஒரு தடவைதானே என்று அங்கேயே கரைத்தோம். கரைத்தது நான்தான்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சில குழிகளில் மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் வைப்போம். அதில் ஒன்றும் வரக்கூடாது. இயந்திரம் 45 சுற்று ஓடும், சுற்றுக்குச் சுற்று இருக்கிற மரபணு இரட்டிக்கும், அதனோடு கூடும் ஒளி எந்தச் சுற்றில் எல்லையைத் தாண்டுகிறதோ அதுதான் சிடி மதிப்பு. 20 என்றால் வைரஸ் கொட்டிக் கிடக்கிறது. 37 என்றால் எட்டிப் பார்க்கிறது. அன்று எட்டுத் தண்ணீர்க் குழிகளில் மூன்றில் 36, 37 என்று கோடு எழும்பியது. தரையோடு தரையாகக் கிடக்க வேண்டிய கோடு கடைசியில் தலையைத் தூக்கும்போது அடிவயிற்றில் ஒன்று செய்யும். ஒரு நோயாளியின் குழியில் இப்படி வந்திருந்தால் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி சுங்கை பூலோ மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள்.

தண்ணீரை மாற்றினோம். திரும்ப வந்தது. துளி அளந்து எடுக்கும் பைப்பெட்டின் நுனிகள் இருக்கும் டிப் பெட்டியை மாற்றினோம், பைப்பெட்டைக் கழற்றிக் கழுவினோம். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது குற்றவாளி என்றே தெரியாது. நாலாம் நாள் எங்கள் சீன சீனியர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற அக்கா, ஸ்வாப் குச்சிகளைத் தண்ணீரில் நனைத்து ஆளுக்குப் பத்து கொடுத்தார். கையில் படுகிற எல்லாவற்றையும் துடைத்து, துடைத்த குச்சியையே பரிசோதிப்போம் என்றார். கதவுப் பிடி, ஃபிரிட்ஜ் பிடி, பேனா, நாற்காலிக் கை, என் கண்ணாடி உட்பட.

குழாய்களைச் செருகி வைக்கும் ஊதா நிற ராக் ஒன்றில் சிடி 31. ஃபிரிட்ஜ் பிடியில் 35. மற்றதெல்லாம் சுத்தம். அன்று ஆர்என்ஏ கரைத்த ராக் அதுதான். கரைத்துவிட்டு, அதே கையுறையோடு ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறேன். பிறகு அதே ராக்கில் பிரைமர் குழாய்களை நிறுத்தியிருக்கிறேன். ஒரு வார்த்தை திட்டாமல் அந்த ராக்கைக் குப்பையில் போட்டார் அக்கா. திட்டியிருந்தால் தேவலாம்.

பிரைமரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். பிரிக்கவில்லை, மொத்தமும் போனது. புதிதாக ஆர்டர் போட்டால் உலகமே அதே பிரைமரைக் கேட்டுக்கொண்டிருந்தது, விமானங்களும் குறைந்துகொண்டிருந்தன. அதற்கு முந்தின பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி அனுப்பிய கிட்டுகளே தண்ணீருக்கு பாசிட்டிவ் காட்டியிருந்தன. அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன், கொஞ்சம்தான்.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரே வரியில் புரிந்தது. தினமும் பின்வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்று, "தண்ணிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்பார்.

பிரைமர் வருவதற்குள் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த, நோய் பரவிய கூட்டத்துக்குப் போனவர்களைத் தேடித் தேடிப் பரிசோதிக்க வேண்டிய நேரம், அரசு லேப்களில் மாதிரிகள் குவிந்து கிடந்தன. ஜாலான் ஈப்போவில் சாலைத் தடுப்பு. கடிதத்தை நீட்டி 'மக்மால், கோவிட்' என்றேன், மலாயில் மக்மால் என்றால் லேப். வாங்க வந்த போலீஸ்காரர் கையைப் பின்னுக்கு இழுத்து, போங்க போங்க என்று சைகை காட்டினார். அதன்பிறகு எனக்கு எந்தத் தடுப்பிலும் தாமதம் கிடையாது.

புதுப் பிரைமர் வந்தது. இம்முறை கரைத்தது இரண்டாம் அறையில், பிரித்தது முப்பது குழாய்களில். எவ்வளவு குறைவான வைரஸைப் பிடிக்கிறது என்று பார்க்கப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு படியிலும் சிடி 3.3 அளவு ஏறினால் பரிசோதனை ஒழுங்கு. 20 குழிகளில் 19-லாவது பிடிக்கிற கடைசி அளவுதான் எங்கள் எல்லை. இது அலுப்பான வேலை, இரண்டு நாளில் முடிந்தது.

ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கரைசலில் குவானிடின் இருக்கும். அந்தக் கழிவின் மேல் குளோராக்ஸ் என்ற பிளீச்சை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். லேப் முழுக்க எதற்கும் குளோராக்ஸ் என்று பழகிய தம்பி ஒருவன், கழிவு வாளியிலும் ஊற்றப் பாட்டிலைச் சாய்த்துவிட்டான். நான் போட்ட கத்தலில் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தார்கள். அன்றே வாளியில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதி ஒட்டினோம்.

மாதிரிகள் வரத் தொடங்கியதும் வேறு கதை. வைரஸ் மரபணுவோடு ஒவ்வொரு மாதிரியிலும் ஆர்நேஸ் பி என்ற மனித மரபணுவையும் தேடுவோம். அதுவும் இல்லாவிட்டால் குச்சி மூக்குக்குள் சரியாகப் போகவே இல்லை என்று அர்த்தம். முதல் நாளே இரண்டு குச்சிகள் அப்படி, மூக்கு வாசலில் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியவை. அவற்றை நெகட்டிவ் என்று எழுதி அனுப்புவது, தண்ணீரைப் பாசிட்டிவ் என்று எழுதுவதைவிட மோசம். திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னோம். கிளினிக்கில் கோபப்பட்டார்கள்.

புது லேப்கள் முதல் 5 பாசிட்டிவையும் முதல் 10 நெகட்டிவையும் பெரிய லேப்புக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய அறிவுரை. எங்கள் முதல் பாசிட்டிவ் சிடி 22. தண்ணீர்க் குழிகள் எட்டும் தரையோடு கிடந்தன. திரையில் அதைத்தான் முதலில் பார்த்தேன், அப்புறம்தான் நோயாளியின் கோட்டை. ஆனாலும் ஒரு தடவை திரும்ப ஓட்டினோம். ஐஸ் பெட்டியில் மூன்று அடுக்காகக் கட்டி அனுப்பினோம். பதினைந்தும் ஒத்துப்போயின.

அன்றிரவு பதினொரு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். வாளி இருந்தது. "விட்டுச்சா?" என்றார் அம்மா. "விட்டுருச்சும்மா" என்றேன். குளித்து முடிப்பதற்குள் லேப் தம்பியிடமிருந்து போன், வாசலில் இன்னும் நான்கு பெட்டி மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஃபிரிட்ஜில் இடமில்லை, எங்கே வைப்பது என்று.