ஜெப நோட்டில் கடைசிக் கட்டம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று மலிவு விலை ஃப்ளாட்டில் இருக்கின்றன. அங்கே ஜெபக் குழு நடத்துகிற ஊழியத்துக்கு மேடையும் மைக்கும் வேண்டாம். ஒரு வீட்டு முன்னறை, ஆறேழு பேர், ஒரு நோட்டு போதும்.

1857 செப்டம்பர் 23-ல் நியூயார்க் ஃபுல்ட்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்ற ஊழியர் தொடங்கிய மதிய ஜெபத்துக்கு முதல் நாள் வந்தவர்கள் 6 பேர்தான். கூட்டம் பெருகியபோது ஒருவர் ஜெபிக்க 5 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். தாண்டினால் மணி அடிக்கும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிற நம் ஜனங்களுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். எட்டு மணிக்குத் தொடங்கினால் எட்டே முக்காலுக்கு முடித்துவிடுங்கள். ஒரு பாட்டு, 5 நிமிடம் வசனம், மீதி முழுக்க ஜெபம். பள்ளிவாசல் பாங்கு கேட்டால் பாட்டை நிறுத்தி மெதுவாக ஜெபிப்பது அக்கம்பக்கத்தாருக்கு நாம் காட்டும் மரியாதை.

பல குழுக்கள் கெடுவது ஜெப விண்ணப்பம் கேட்கிற இடத்தில். பேச்சு வளர்ந்து ஜெபத்துக்கு நேரமே இருக்காது. ஆகவே சாயங்காலத்துக்குள் நடத்துகிறவருக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் போடவே வேண்டாம். ஒரு வீட்டுக் கடனும் குடியும் ராத்திரிக்குள் ஃப்ளாட் முழுக்கப் பரவிவிடும்.

நோட்டில் ஐந்து கட்டம்: தேதி, பெயரின் முதல் எழுத்து, வேண்டுதல், கூடப் போகிறவர், பதில். "குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதினால் எதைக் கேட்பது? "பையனுக்கு 12 வயசு, பிறப்புப் பத்திரம் இல்லாததால் மைகார்ட் அடையாள அட்டை எடுக்க முடியவில்லை, வியாழன் காலை பதிவிலாகாவுக்குப் போகிறோம்" என்றால் கேட்கவும் முடியும், கூட ஒரு ஆளும் போக முடியும். பசித்தவனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. நாலாவது கட்டம் அதற்காகத்தான்.

டயாலிசிஸ் செய்கிறவர் வீட்டுக்குப் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். வாரம் 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம் மெஷினில் இருந்து வருகிறவர் அசந்துபோயிருப்பார், மறுநாள் போங்கள். ஊசி போடுவதற்காக ரத்தக் குழாயை இணைத்திருக்கிற கையைப் பிடித்து ஜெபிக்காதீர்கள். அந்தக் கையில் அழுத்தம் படவே கூடாது. தோளில் லேசாகக் கை வைத்தால் போதும். தண்ணீருக்கு அளவு உள்ளவர், தேத்தண்ணி வாங்கிப் போய் வற்புறுத்த வேண்டாம். எண்ணெய் பூசி ஜெபிக்கலாம். யாக்கோபு 5:14 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் "விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்து" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரையே எடுத்துவிடும்.

பதில் கட்டம் காலியாகக் கிடக்கிற வரியை அடித்துவிடாதீர்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்கிற 13-ஆம் சங்கீதமும் ஜெபம்தான். மாசத்தின் முதல் கூட்டத்தில் அந்த வரிகளை முதலில் வாசியுங்கள். நோட்டு தீர்ந்தால் புது நோட்டின் முதல் பக்கத்தில் அவற்றைத் திரும்பக் கையால் எழுதுங்கள்.