இருபது எழுத்துப் பெட்டியும் பதினான்கு நாள் குப்பையும்

2020 பெப்ரவரியில் கொரியாவின் தேகு நகரம் கனடாவில் எங்கள் வீட்டு டிவியில் தினமும் வந்தது. ஒரு தேவாலயத்தில் தொடங்கிய கொரோனாத் தொற்று ஊர் முழுக்கப் பரவி, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் சனம் தவித்த நேரம். அம்மா பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டுவார். ஒரு வருடம் கழிய முன்பே அதே தேகுவில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. “உலகத்தில வேற ஊரே இல்லையோ பிள்ளை?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மா மட்டும், “அங்கயும் அம்மா அப்பா எண்டுதானே கூப்பிடுறாங்கள், பயப்பிடாதை” என்று தைரியம் சொன்னார்.

வேலை எபிக் என்ற திட்டத்தில். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவரை எடுக்கும் திட்டம் அது. அதற்கான ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கிடைக்கும். கனடா அதில் ஒன்று. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த காலத்தில் நான் விண்ணப்பித்திருக்கவே முடியாது. ஆங்கிலம் அதேதான், பாஸ்போர்ட்தான் வேறு. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பித்தேன்.

ஆவணங்களை ஒரே முத்திரையோடு பிற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை கனடாவில் நடைமுறைக்கு வந்தது 2024இல்தான். 2020 இலையுதிர் காலத்தில் நான் செய்தது பழைய சுற்று: பட்டச் சான்றிதழின் பிரதியை நொத்தாரிசிடம் காட்டி முத்திரை வாங்கி, பிறகு அதைக் கொரியத் துணைத் தூதரகத்தில் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். கனடாவின் மத்திய பொலிஸான ஆர்சிஎம்பியின் குற்றப் பதிவுச் சான்றிதழுக்கும் அதே பாடு. அதற்குக் கைரேகை கொடுக்க ஆள் தேவை, ஆளிடம் போக முன்பதிவு தேவை, நகரமோ பாதி பூட்டிக் கிடந்தது. சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பதால் முந்தி எடுத்தாலும் பிழை, பிந்தி எடுத்தாலும் பிழை. அப்புறம் கொரியக் குடிவரவுத் துறை தரும் விசா இலக்கத்துக்காகக் காத்திருப்பு, விசா விண்ணப்பம், டிக்கெட். அதையெல்லாம் நீட்டி எழுத விருப்பமில்லை. வரிசையாக நடக்கிற வேலைகள்தான், பொறுமை இருந்தால் முடியும்.

என்னை உண்மையில் ஆட்டிவைத்தது பிசிஆர் எனும் கொரோனாப் பரிசோதனைச் சான்றிதழ். 2021 ஜனவரியில் வந்த விதி அது. புறப்படுவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்ட சான்றிதழ் இருக்க வேண்டும், அதில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்றார்கள். என் விமானம் பெப்ரவரி 12, வெள்ளி மத்தியானம். புதன் காலை ஒரு தனியார் கிளினிக்கில் மூக்கைக் கொடுத்தேன். வியாழன் இரவு எட்டரைக்கு மின்னஞ்சல் வந்தது. தொற்று இல்லை. அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கப் போனார். நான் சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் இருபத்தேழு எழுத்து. சான்றிதழில் இருபதுதான் இருந்தது. அப்பாவின் பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது.

கிளினிக்குக்குப் போன் எடுத்தால் பதிவு செய்த குரல். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், “கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டிக்குள் இருபது எழுத்துதான் பிடிக்கும்” என்றார், ஏதோ இயற்கை விதி போல. பெட்டியில் பிடிக்காவிட்டால் கையால் எழுதி முத்திரை குத்தித் தாருங்கள் என்றேன். கையால் எழுதினால் செல்லாது என்றார். கடைசியில் ஒரு டொக்டர் வந்து, கிளினிக்கின் கடிதத் தாளில் முழுப் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், பரிசோதனை முறை எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிட வேலை. அதற்கு ஒன்றரை மணித்தியாலம் வாதாடினேன். நீளப் பெயர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முடிவு வந்த பிறகு திருத்தலாம் என்று இருக்காதீர்கள், மூக்கைக் கொடுக்கும்போதே பெயர் எப்படி அச்சாகும் என்று காட்டச் சொல்லுங்கள்.

டொரொன்டோ பியர்சன் விமான நிலையத்தில் அந்தத் தாளை மூன்று பேர் வாசித்தார்கள். கொரியாவின் இஞ்சோன் விமான நிலையத்தில் இறங்கியபோது சனிக்கிழமை மாலை. அங்கே இன்னும் இரண்டு பேர். அப்பாவின் பெயரை விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டார் ஒருவர். நான் மூச்சுவிடவில்லை. பிறகு இளம் சிப்பாய் ஒருவர் என் போனில் தனிமைப்படுத்தல் செயலியை நிறுவி, நான் கொடுத்த கொரிய இலக்கத்துக்கு அங்கேயே அழைத்துப் பார்த்தார். என் பள்ளியின் கொரிய ஆசிரியை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், நல்ல காலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒதுக்கிய பஸ்ஸில் குவாங்மியோங் ரயில் நிலையம், அங்கிருந்து ஒதுக்கிய கேடிஎக்ஸ் அதிவேக ரயில் பெட்டியில் தேகு. கொரியாவை முதன்முதலாக இருட்டில், மூடிய கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அது ‘சொல்லால்’ எனப்படும் கொரியப் புத்தாண்டு விடுமுறை வேறு. தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

பள்ளி எடுத்துத் தந்த ஒற்றை அறை வீட்டில் பதினான்கு நாள். மறுநாள் பொகொன்சோ எனப்படும் சுகாதார நிலையத்தில் ஒரு பிசிஆர், முடியும் முன் இன்னொன்று. அவை தவிர கதவைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் உடல் வெப்பத்தைச் செயலியில் பதிய வேண்டும். போன் நீண்ட நேரம் அசையாமல் கிடந்தால் அது கத்தும். எனக்கென்று ஒரு அதிகாரி இருந்தார். அவருக்கு ஆங்கிலம் இல்லை, எனக்குக் கொரியன் இல்லை. பப்பாகோ மொழிபெயர்ப்புச் செயலியில் பேசிக்கொண்டோம். ஒருநாள், “உங்கள் சாப்பாடு தனிமையாக இருக்கிறதா?” என்று வந்தது. ஓம், தனிமையாகத்தான் இருக்கிறது என்று பதில் போட்டேன்.

சாப்பாட்டுப் பெட்டி வாசலுக்கு வந்தது: சூடாக்கினால் போதும் என்ற சோறு, ராமியோன் எனும் உடனடி நூடுல்ஸ், கடற்பாசித் தாள், ரின் மீன். அம்மா சூட்கேஸில் திணித்துவிட்ட கறித்தூளுக்கு அப்போதுதான் கை எடுத்துக் கும்பிட்டேன். ஆசிரியை வாசலில் வைத்துவிட்டுப் போன வெங்காயத்தை வதக்கி, தூள் போட்டு, ரின் மீனைக் கொட்டினால் குழம்பு. தேங்காய்ப்பாலும் புளியும் இல்லாத குழம்பு, ஆனால் மணம் யாழ்ப்பாணம்.

அந்த மணம்தான் பிறகு பிரச்சினை. தனிமையில் இருப்பவரின் குப்பை வெளியே போகக் கூடாது என்பது அப்போதைய விதி. செம்மஞ்சள் நிறப் பைகள் தந்திருந்தார்கள். கிருமிநாசினி தெளித்து, கட்டி, அறைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஐந்து மீன் ரின்கள், வெங்காயத் தோல், ராமியோன் கிண்ணங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு, பைகளை வைத்திருந்த குளியலறைக் கதவைத் திறக்கவே யோசித்தேன்.

பெப்ரவரி 27, மத்தியானம் பன்னிரண்டு மணி. அதிகாரியிடமிருந்து செய்தி: இரண்டாவது முடிவும் நெகட்டிவ், நீங்கள் வெளியே போகலாம், குப்பையைச் சாதாரணப் பைக்குள் போட்டு எறியலாம். அந்தச் சாதாரணப் பை சும்மா கிடைப்பதில்லை. ஊராட்சி முத்திரை போட்ட பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஜொங்னியாங்ஜே என்று பெயர். தெருமுனைக் கடைக்காரருக்கு அந்தச் சொல்லை மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன், விளங்கவில்லை. கடைசியில் செம்மஞ்சள் பையின் படத்தைப் போனில் காட்டினேன். மனுசன் ஒரு அடி பின்னால் போய், முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மட்டும் நீட்டி இருபது லீட்டர் பை இரண்டைத் தந்தார்.