ஏற்காட்டுக்குச் சைக்கிளில்: ஏறும் கியர், இறங்கும் பிரேக்

ஏற்காட்டுக்கு முதல் தடவை சைக்கிளில் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் "ஏறிவிட முடியுமா?" என்றுதான். முடியும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வரை சாலை மெல்ல ஏறும். அங்கிருந்து 20 கி.மீ. சொச்சத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, ஏறக்குறைய 1,100 மீட்டர். சராசரி ஏற்றம் ஐந்தரை சதவீதம் வரும். 14 வளைவு உள்ள ஏலகிரியைவிடக் கஷ்டம், காரவள்ளியில் தொடங்கும் 70 வளைவு கொல்லிமலையைவிட லேசு. வாரத்தில் மூன்று நாள் 40 கி.மீ. ஓட்டுகிற யாரும், கியர் சரியாக இருந்தால், சீட்டைவிட்டு எழாமலே ஏறிவிடலாம்.

அதே 1,100 மீட்டரை அந்தச் சைக்கிள் பத்திரமாக இறங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. ஏறும்போது ஏதாவது பிசகினால் காலை ஊன்றி நின்றுவிடலாம். இறங்கும்போது பிசகினால் எதிரே பஸ் வரும், இல்லை தடுப்புச் சுவர் வரும்.

முதலில் கியர். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகப் பழகியவரால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து கொடுக்க முடிவது 150 வாட் அளவு. 6 சதவீத ஏற்றத்தில் அந்த 150 வாட் தரும் வேகம் மணிக்கு 9 கி.மீ. மட்டுமே. இனி சக்கரக் கணக்கு: 700×28 டயர் ஒரு சுற்றுக்கு 2.13 மீட்டர் போகும். முன்னே 34 பல், பின்னே 34 பல் இருந்தால் 9 கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றும். முட்டிக்கு நோகாத வேகம் அது. பின்னே பெரிய பல்சக்கரம் 28 என்றால் 58 சுற்று, சமாளிக்கலாம். பழைய ரோடு பைக்குகளில் வரும் 39-25 ஜோடி என்றால் 45 சுற்று. அரை மணி நேரம் அப்படி மிதித்தால் பத்தாவது வளைவுக்குள் முட்டி பேச ஆரம்பித்துவிடும்.

இந்த விஷயத்தில் முன்னே மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண ஹைபிரிட், விலை உயர்ந்த ரோடு பைக்கைவிட மேல். 28 முன்னே, 32 பின்னே இருந்தால் எட்டு கி.மீ. வேகத்திலும் 70 சுற்று கிடைக்கும். எடை இரண்டு கிலோ கூடுதல் என்று வருத்தப்பட வேண்டாம். மொத்தம் 87 கிலோவில் இரண்டு கிலோ என்பது இரண்டே கால் சதவீதம். இரண்டு மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிடம் போகும், அவ்வளவே. கார்பன் சக்கரத்துக்குச் செலவழிக்கும் காசில் பத்தில் ஒரு பங்கு போதும், நல்ல கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுப்பு) செயினும் வாங்கிவிடலாம்.

கேசட் மாற்றுவதென்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும்? குட்டைக் கூண்டு (புல்லி என்ற இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உள்ளவை 28 அல்லது 30-உடன் நின்றுவிடும். 34 போட நீளக் கூண்டு தேவை. செயின் நீளம் போதுமா? முன்னே பெரியது, பின்னே பெரியது என்று தவறிப் போட்டாலும் செயின் விறைத்து நிற்கக் கூடாது. குட்டையாக இருந்தால் டீரெய்லர் மாட்டியிருக்கும் ஹேங்கரையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது பி-ஸ்குரூ: பெரிய பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது மேல் புல்லிக்கும் பல்லுக்கும் இடையில் 5, 6 மி.மீ. இடைவெளி வரும்படி திருகி வையுங்கள்.

டீரெய்லர் கம்பிப் பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுத்து நிறுத்தும், எல் என்று குறிக்கப்பட்ட லிமிட் ஸ்குரூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமதளத்தில் ஓட்டும்வரை யாரும் பெரிய பல்சக்கரத்துக்குப் போவதில்லை. ஊரில் ஆறு மாதம் ஓடியும் தெரியாத கோளாறு மலையில், முதல் தடவை அந்தக் கியரைக் கேட்கும்போது தெரியும்: செயின் பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்து, டீரெய்லரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டிலேயே சைக்கிளைத் தூக்கி வைத்து, பெரிய பல்சக்கரத்தில் போட்டு, டீரெய்லரைக் கையால் கம்பிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். இன்னும் உள்ளே போகிறதா? எல் ஸ்குரூவை வலப்பக்கமாகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். நிறுத்தி வைத்த சைக்கிள் டீரெய்லர் பக்கமாக விழுந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கும். அப்படியானால் ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் அதை நிமிர்த்த வேண்டும்.

அதிகாலை ஐந்தரைக்கே அடிவாரத்தில் இருப்பது நல்லது. வெயிலுக்காக மட்டுமல்ல, எட்டு மணிக்கு மேல் கார்கள் வரிசை கட்டிவிடும், சனி ஞாயிறு கேட்கவே வேண்டாம். மே மாதக் கோடை விழா நாட்களில் போலீஸ் போக்குவரத்தை மாற்றி விடுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மலைப்பாதையில் தெருவிளக்கை நம்ப முடியாது. முன் விளக்கு பாதையைக் காட்ட வேண்டும், பின் விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

முதல் மூன்று நான்கு கி.மீ. வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். பேச முடிய வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வளைவுகளைப் பொறுத்தவரை, இடப்பக்கம் போகிற நமக்கு இடதுபுறம் திரும்பும் கொண்டை ஊசி உள்வட்டத்தில் வரும். அங்கே சாலை சட்டென்று 10 சதவீதத்துக்கு மேல் நிமிரும். வலதுபுறம் திரும்புவது வெளிவட்டம், அங்கே சற்று மூச்சுவிடலாம். ஆகவே இடது வளைவுக்கு 10 மீட்டர் முன்னாலேயே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் தேய்ந்த செயின் அங்கேதான் வழுக்கும், அறுவதும் அங்கேதான். செயின் கேஜ் (செயின் தேய்ந்து எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று காட்டும் அளவி) 0.75 காட்டினால் எட்டு, ஒன்பது, பத்து வேக (பின்னே அத்தனை பல்சக்கரம் உள்ள) செயினை மாற்றிவிடுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்றால் 0.5-இலேயே.

பஸ் மேலிருந்து வருகிறதோ கீழிருந்து வருகிறதோ, வளைவில் சாலை முழுக்க அதற்கு வேண்டும். முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று பக்கத்தில் நுழையாதீர்கள், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று பஸ்ஸை விட்டுவிட்டுப் போவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

சாப்பாடு: ஏற்றம் முழுக்க உடல் செலவழிப்பது ஆயிரம் கிலோகலோரிக்குச் சற்று மேல். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி, வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். கடலை மிட்டாயைவிடப் பேரீச்சை மேல், கடலையின் கொழுப்பு செரிக்க நேரமாகும். தண்ணீர் மணிக்கு 750 மி.லி., ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் பாதிக் காட்டத்தில். எங்கே சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். குரங்குகள் நிற்கும் வளைவில் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும் சத்தமே போதும், ஹேண்டில்பார் பையை அவிழ்க்க ஆள் வந்துவிடும். பழத்தை மேல்சட்டைப் பையில், கவர் இல்லாமல் வையுங்கள்.

இனி இறக்கம். முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் இதில் பலருக்கும் எண்ணம் தலைகீழாக இருக்கிறது. 87 கிலோவும் 1,100 மீட்டரும் சேர்ந்தால் இறங்கும்போது 940 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். சராசரி 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் காற்றும் டயர் உராய்வும் சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கிக்கொள்ளும். பிரேக்குக்கு 420 கிலோஜூல் மிஞ்சும். பயந்து 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் காற்று வாங்குவது பாதிக்கும் கீழே குறைந்து, பிரேக் தலையில் 650 கிலோஜூல் விழும். அத்தனையும் வெப்பம். ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே அழுத்துவது) என்றால் அது ரிம் வழியாக டியூபுக்குப் போகும், டிஸ்க் என்றால் தகட்டுக்கும் அதைக் கவ்வும் கேலிப்பருக்கும். மெதுவாகப் போனால் பிரேக் தப்பிக்கும் என்று நினைத்து, கைவிரல் மரத்துப்போகும்வரை லிவரைப் பிடித்து வருகிறவர்களின் சைக்கிளில்தான் பாதி வழியில் டியூப் வெடிக்கும்.

ஆகவே முறை இது: நேர்ப்பாட்டையில், முன்னே சாலை தெளிவாகத் தெரிந்தால் 30, 35 வரை ஓட விடுங்கள். வளைவுக்கு 25 மீட்டர் முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி 15-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு விட்டுவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பதுதான் வழுக்கி விழுவதற்குக் காரணம். டயருக்கு இருக்கும் பிடிமானம் திரும்புவதற்கே சரியாகிவிடும், நிறுத்துவதற்கு மிச்சமிருக்காது. திரும்பும்போது வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடை அதன்மேல், பார்வை வளைவு முடிகிற இடத்தில். குழியைப் பார்த்தால் குழிக்குத்தான் போவோம்.

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி எறிந்துவிடும்" என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததை மலையில் மறந்துவிடுங்கள். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால் நிறுத்துவதே முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும், வேகம் குறையாது. எகிறாமலிருக்க இடுப்பைச் சீட்டின் பின்னுக்குத் தள்ளி, கையை ஊன்றி, படிப்படியாக அழுத்த வேண்டும். ரோடு பைக்கில் கை கீழ்ப்பிடியில் இருக்கட்டும், மேலே இருந்து விரலுக்கு அந்தப் பலம் வராது.

டயர் காற்றிலும் இதே வெப்பக் கணக்குதான். காலையில் 30 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயரின் உள்காற்று ரிம் சூட்டில் 90 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏறத்தாழ 99 ஆகிவிடும். டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கே அடித்துக்கொண்டு கிளம்பினால் இடமே இல்லை. 75 கிலோக்காரருக்கு 28 மி.மீ. டயரில் 75, 32 மி.மீ. டயரில் 60 போதும், பிடிமானமும் கூடும். ஒட்டுப்போட்ட டியூப் என்றால் சொல்யூஷன் தடவி ஒட்டியதாக இருக்கட்டும். உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் பேட்ச் ரிம் சூட்டில் இளகிவிடும்.

பிரேக் பேடுகளை (அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) முந்தின நாள் மாற்றிக்கொண்டு போவது சரியல்ல. புது டிஸ்க் பேட் தகட்டோடு பழக வேண்டும்: ஆளில்லாத சாலையில் 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 15, 20 தடவை பிரேக் பிடியுங்கள், முழுக்க நிற்காமல். கேபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் நகரும். உள்பக்கப் பேடை அதற்கான திருகால் தகட்டுக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கினால் தகடு வளைந்து வளைந்து தேயும், பிடிமானமும் அரைகுறையாக இருக்கும். ஹைட்ராலிக்கில் லிவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனால் அது சூட்டின் அறிகுறி. உடனே ஒதுங்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். தகட்டைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், விரல் வெந்துவிடும். செயினுக்கு ஆயில் ஸ்ப்ரே அடித்தபோது தகட்டில் ஒரு துளி பட்டிருந்தாலும் பேட் கெட்டுப்போகும். துடைத்துத் தேறாது, மாற்றத்தான் வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ரிம் பிரேக் நனைந்திருந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதற்கே போகும், பிடிப்பது அதற்குப் பிறகுதான். வளைவு வருவதற்கு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நிழல் விழும் வளைவுகளில் பாசி, உதிர்ந்த இலை, பஸ்ஸிலிருந்து சொட்டிய டீசல் மூன்றும் சேர்ந்து கிடக்கும். மண்சரிவு என்று செய்தி வந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். பனிமூட்டத்தில் நமக்குச் சாலை தெரிகிறது என்பதால் கார்க்காரருக்கு நம்மைத் தெரியும் என்று ஆகாது.

குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். கூட்டம் குறைவு, ஆனால் செங்குத்து அதிகம். பிரேக்கைப் பற்றிக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டு டியூப், இரண்டு டயர் லிவர், பம்ப், செயின் வேகத்துக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), மல்டிடூல், பிரஸ்டா வால்வுக்கு (ரோடு பைக் டியூபின் மெல்லிய வால்வு) அடாப்டர் இவை பையில் இருக்கட்டும்; மேலே உள்ள பஞ்சர் கடைக் கம்ப்ரசர் மோட்டார் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும்.

அடிவாரம் வந்ததும் ரிம் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள் வெள்ளிப் பொட்டுப் பொட்டாக ஏதோ மின்னும். ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியம் அது. ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துவிட்டு, பேட் முகத்தை உப்புக் காகிதத்தில் நாலு தேய்ப்புத் தேயுங்கள். அப்படியே விட்டால் அடுத்த இறக்கத்தில் ரிம்மைச் சுரண்டும் சத்தம் செக்போஸ்ட் வரை கேட்கும்.